மச்சான் கொண்டுவரும் கார்பன் செயின் வீல் நிலாவெளி மணலுக்கு உழைக்குமா?

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் ரேஸ் சைக்கிளில் திருகோணமலை டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். முன் செயின் வீல்கள் 50, 34 பல்லு. பெரியது தேய்ந்துவிட்டது. லண்டனிலிருந்து வரும் மச்சான், முழுக்கக் கார்பன் ஃபைபரில் செய்த 50 பல்லு வீல் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். விலை அலுமினிய வீலைப் போல மூன்று மடங்கு. பாரம் குறைவு, கறளும் பிடிக்காது என்கிறார். உழைக்குமா?

பதில்: கறள் பிடிக்காது என்பது உண்மை. ஆனாலும் அந்தக் காசுக்கு ஒரு அலுமினிய வீலும் ரெண்டு மூன்று நல்ல செயினும் வாங்கிவரச் சொல்லுங்கள்.

கார்பன் என்றதும் எல்லாரும் பயப்படுவது, உடைந்துவிடுமா என்றுதான். அந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை. நீங்கள் 70 கிலோ என்று வைப்போம். 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடல் பூட்டியிருக்கும் தண்டு) எழும்பி நின்று முழுப் பாரத்தையும் ஒரு காலில் போட்டால், 50 பல்லு வீலில் செயின் சுமார் 118 கிலோ இழுவையைத் தாங்கும். 34 பல்லில் அதே மிதிக்கு 173 கிலோ. உவர்மலை ஏறும்போது அடி வாங்குவது சின்ன வீல்தான். பெரிய வீலில் இழுவையும் குறைவு, அதைப் பங்குபோடும் பற்களோ அதிகம். ஒழுங்காகச் செய்த கார்பன் வீல் அந்த இழுவையைத் தாங்கும்.

அது தோற்பது தேய்மானத்தில். கார்பன் இழை பலமானதுதான், ஆனால் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிசின். உங்கள் தெருவில் காற்று கொண்டுவந்து போடும் கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ், சாதாரண இரும்பைவிடக் கடினம். அது செயின் எண்ணெயில் ஒட்டிக்கொண்டால், கராஜில் வால்வ் அரைக்கப் பூசுகிற பசைக்கும் உங்கள் செயினுக்கும் வித்தியாசம் இல்லை. முதலில் பிசின் போகும், பிறகு இழை தனித்தனியாக நிற்கும். தெரிந்த ஒருவரின் கார்பன் வீலைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு, ஒரு கீறல் இல்லை. பல்லின் ஓரம் மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷ் போலப் பிசிறிக் கிடந்தது. (அதைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். தோலுக்குள் போன இழையை எடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது எனக்கு.) அலுமினியப் பல் கொஞ்சம் வளைந்தால் ஸ்பானரால் நிமிர்த்தி ஓடலாம். கார்பன் பல் வளையாது, பிளக்கும். பிளந்தால் வீலையே மாற்ற வேண்டியதுதான்.

செய்கிறவர்களுக்கும் இது தெரியும். ஷிமானோ தன் எக்ஸ்டிஆர் மலைச் சைக்கிள் தொகுதியில் நடு வீலைக் கார்பன் கலவையில் செய்தபோது பல்லை டைட்டானியத்தில்தான் வைத்தது. வேறு சில கம்பனிகள் கார்பன் உடலைச் சுற்றி அலுமினியப் பல் வளையம் ஒட்டுகின்றன. பல்லுக்கு அது நல்லது. கடலோரத்தில் இன்னொரு தலையிடி வரும். கார்பன் மின்சாரம் கடத்தும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பற்றரி, அரிபடுவது அலுமினியம். முழுக் கார்பன் வீல் என்றாலும் இதிலிருந்து தப்ப முடியாது, உங்கள் கிராங்க் அலுமினியம் தானே? நட்டைக் கழற்றும்போது அடியில் வெள்ளைத் தூள் கண்டால் அதுதான்.

பாரத்தில் எவ்வளவு மிச்சம்? 30 முதல் 50 கிராம் வரை. போத்தலில் ரெண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் அதே கணக்கு. நேரப் போட்டி ஓடுகிறவர், நல்ல தார் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவர் ஆசைக்குப் போடட்டும், நான் தடுக்க மாட்டேன்.

உங்களுக்கு 7075 ரக அலுமினியத்தில் 50 பல்லு போதும். அடுத்த முறை 34 பல்லு வீலை மாற்றும்போது இரும்பில் கிடைத்தால் அதையே போடுங்கள். வாங்க முதல் உங்கள் கிராங்கில் வீலைப் பிடிக்கும் கை எத்தனை, நட்டு ஓட்டைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்று அளந்து மச்சானுக்கு அனுப்புங்கள். 110க்குப் பதில் 130 மில்லிமீட்டர் வந்திறங்கினால் சுவரில் மாட்டத்தான் உதவும்.

பழைய செயினைப் புது வீலில் போட வேண்டாம். இரும்பு அடிமட்டம் ஒன்றை எடுத்து ஒரு பின்னின் நடுவில் 0 வையுங்கள். 24 கண்ணி தள்ளி அடுத்த பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் செயினின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேலும் ஓடினால் பற்கள் சுறாச் செட்டை மாதிரிச் சாய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது பிசுபிசுத்து மணலைக் கட்டிப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயே பரவாயில்லை. விட்டபின் வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்.

கேள்வி: கார்பன் செயின் வீல் என்று சொல்லி இங்கே ஒரு கடையில் விற்றார்கள். ஒரு மாதத்தில் மேற்பூச்சு உரிந்து உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்.

பதில்: உங்களிடம் இருப்பது கார்பன் கோலம் ஒட்டிய அலுமினியம். அசல் என்றால் வெட்டிய ஓரத்தில் கறுப்பு அடுக்கடுக்காகத் தெரியும், சுரண்டினாலும் உள்ளே கறுப்புத்தான். ஓடுவதற்கு இது மோசமில்லை, மேலே சொன்னதை வாசித்தால் இதுவே நல்லது என்றும் படும். ஆனால் கார்பன் விலை கொடுத்திருக்கிறீர்களே! 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். 1977க்கு அடித்தால் வழி சொல்வார்கள். பில்லில் ‘கார்பன்’ என்று எழுதியிருக்கிறதா, வெறும் ‘செயின் வீல்’ என்றுதான் இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கார்பன் என்று இருந்தால் முதலில் ஒரு போட்டோக் கொப்பியோடு கடைக்காரரிடம் இன்னொரு தடவை போங்கள்.