நட்டத்தில் ஓடும் இணையக் கொம்பனியின் பங்கை வாங்கலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அமெரிக்க இணையக் கொம்பனி ஒன்றின் பங்கு ஒரே வருடத்தில் மூன்று மடங்கு ஏறிவிட்டதாம். நிலையான வைப்பை எடுத்து அதில் போடச் சொல்லி என் பெறாமகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். கொம்பனி இன்னும் நட்டத்தில்தான் ஓடுகிறது. கேட்டால், "அமேசனும் அப்படித்தான் இருந்தது" என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: வேண்டாம் ரீச்சர். வைப்பில் கை வைக்காதீர்கள். இடையில் உடைத்தால் வட்டியும் குறையும்.

காலி வீதியில் ஒரு கடை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட இலாபம் 10 இலட்சம். முதலாளி கேட்பதோ 10 கோடி. போட்ட காசு திரும்பி வர 100 வருடம் ஆகும் என்று உடனே கணக்குப் பார்த்துவிடுவீர்கள். பங்குக்கும் அதே கணக்குத்தான். ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் முழுக் கொம்பனிக்கும் கேட்கும் விலை வரும். அதை வருட இலாபத்தால் வகுக்க வேண்டும். பெறாமகன் சொல்லும் கொம்பனியில் வகுப்பதற்கு இலாபமே இல்லை. விலை மூன்று மடங்கானது என்றால் வாங்க ஆட்கள் முண்டியடித்தார்கள் என்றுதான் அர்த்தம், கல்லாவில் காசு சேர்ந்தது என்றல்ல.

அமேசன் கதையையும் அவன் பாதிதான் சொல்லியிருக்கிறான். 1999 டிசம்பரில் 100 டொலரைத் தாண்டிய அந்தப் பங்கு, 2001இல் 6 டொலருக்கும் கீழே போனது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பாரா? அதே காலத்தில் நாய், பூனைத் தீனி விற்ற பெட்ஸ்.கொம், 2000 பெப்ரவரியில் 11 டொலருக்குப் பங்கு விற்று, நவம்பரில் கடையையே மூடியது. இணைய வலையமைப்புக் கருவிகள் விற்கும் சிஸ்கோவோ நல்ல இலாபம் பார்த்த கொம்பனி. அதுகூட 2000இல் 80 டொலரில் நின்று, 2002இல் 10 டொலருக்குக் கீழே விழுந்தது. 20 வருடம் கழித்தும் பழைய விலையைத் தொடவில்லை. கொம்பனியில் பிழையில்லை, வாங்கியவர்கள் கொடுத்த விலைதான் பிழை.

இங்கேயும் பார்த்தோமே. 2022 ஏப்ரலில் கொழும்புப் பங்குச் சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். அதற்கு முன் கடன்பட்டுப் பங்கு வாங்கியவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

அப்புறம், இங்கிருந்து டொலர் அனுப்பி வெளிநாட்டுப் பங்கு வாங்க, 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடுகள் உண்டு. அவன் கைபேசியில் ஏதாவது செயலியைக் காட்டினால், உங்கள் வங்கியில் கேட்காமல் அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அவனுக்கு ஆசை விடவில்லை என்றால், போனாலும் தாங்கக்கூடிய தொகையை, அதுவும் சட்டப்படியான வழியில், தன் சம்பளத்திலிருந்து போடட்டும். அதற்கு முன் கொம்பனியின் ஆண்டறிக்கையைக் கொண்டுவரச் சொல்லி, இருவரும் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.