சுவரை உடைக்கும் முன் டேங்கில் ஓர் அளவு எடுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதி, சுவர் ஓதம் பற்றியவைதான். இந்த முறை நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம். மற்ற மூன்றுக்கும் அதுதான் அடிப்படை என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி (மண்டபம், ஒரு வாசகி): அக்கா, வீடு கட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் ஓதம் அடித்துப் பொரிந்து போகிறது. காலையில் பெருக்கினால் ஒரு கை காரைத்தூள் வருகிறது. பிளம்பர், டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தால்தான் தெரியும் என்கிறார். வெளியூரிலிருந்து ஒரு நிறுவனம் கருவி வைத்துக் கண்டுபிடிக்க 7,500 ரூபாய் கேட்கிறது. யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லுங்கள். செலவில்லாமல் நீங்களே தெரிந்துகொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது.

முதலில், கசிவது தண்ணீர் வரும் குழாயா, கழிவுநீர் போகும் வழியா என்று பிரிக்க வேண்டும். இரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு மாடி டேங்கின் மூடியைத் திறந்து, அடி வரை எட்டும் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். விடியற்காலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், அதே இடத்தில் அதே கம்பை வைத்துப் பாருங்கள். விட்டம் 1 மீட்டர் உள்ள டேங்கில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளெல்லாம் சொட்டினாலும் 4 லிட்டருக்குச் சற்று மேலேதான் போகும். ஆகவே ஒரே இரவில் 2 சென்டிமீட்டர் இறங்கினால் அது சின்ன விஷயமில்லை.

நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணீருக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று என இரண்டு டேங்க் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அதற்கும் முன்னால் பிளஷ் டேங்கில் நான்கு சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் வால்வின் ரப்பர் போய்விட்டது. டேங்க் மட்டத்தை இறக்குவது அதுவாக இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குத்தான் போகும், உங்கள் சுவருக்கு வராது. இதைப் பார்க்காமல் குழாயைச் சந்தேகித்துச் சுவரை உடைத்தவர்கள் உண்டு.

மட்டம் இறங்கினால், மாடியில் ஒவ்வொரு இறக்குக் குழாய்க்கும் இருக்கும் கேட் வால்வுகளை ஒரு இரவுக்கு ஒன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடிய இரவில் மட்டம் நிற்கிறதோ அந்த வழியில்தான் கோளாறு. உப்புத் தண்ணீரில் கேட் வால்வு முழுவதும் மூடாமல் போவது சகஜம். மூடியதும் கீழே குழாயைத் திறந்து, தண்ணீர் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மட்டம் இறங்கவே இல்லையா? அப்படியென்றால் டேங்கிலிருந்து தண்ணீர் வரும் குழாய்களில் பெரிய கசிவு இல்லை. சந்தேகம் தரைக்கும் கழிவுக் குழாய்க்கும் போகிறது. சுவரில் ஓதத்தின் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். மூன்று நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாதீர்கள். நான்காம் நாள் தரையில் தண்ணீர் போகும் துளையைத் துணிப்பந்தால் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுவதும் விடுங்கள். ஓதம் பென்சில் கோட்டைத் தாண்டினால் டைல்ஸ் இடுக்கு வழியாகவோ தரையும் சுவரும் சேரும் மூலை வழியாகவோ இறங்குகிறது. தாண்டவில்லை என்றால் அடைப்பை எடுத்து, கழிவுக் குழாயில் வாளி வாளியாக ஊற்றிப் பாருங்கள். இப்போது நகர்ந்தால் கழிவுக் குழாயின் இணைப்பு. டைல்ஸ் இடுக்குதான் காரணம் என்றால், இடுக்கை நிரப்பியிருக்கும் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டாலே பல வீடுகளில் நின்றுவிடுகிறது. முழுத் தரையையும் பெயர்ப்பது கடைசி வழி.

இன்னொரு சின்னக் கருவியைச் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொட்டும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து அளந்து பாருங்கள். போர் தண்ணீர் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் காட்டும் வீட்டில் சொட்டுத் தண்ணீர் 400 காட்டினால் அது போர் லைன் இல்லை, நல்ல தண்ணீர் லைன் அல்லது மழை. ஆனால் சொட்டு 3,000 காட்டினால் உடனே போர் லைன்தான் என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல தண்ணீரும் உப்பேறிய சுவருக்குள் ஊறி வந்தால் உப்பைக் கரைத்துக்கொண்டுதான் வரும்.

எங்கள் வீட்டில் இது தெரியாமல் பட்ட கஷ்டம் இன்னும் மனதில் இருக்கிறது. கூடத்துச் சுவரில் நீளமாக ஈரம். கொத்தனார் சொன்னார் என்று பின்பக்கக் குளியலறையில் 14 டைல்ஸைப் பெயர்த்தோம். குழாய் காய்ந்து கிடந்தது. அப்புறம்தான் ஒரு சொட்டைப் பிடித்து அளந்தோம். மீட்டர் 30 கூடக் காட்டவில்லை. அவ்வளவு சுத்தமான தண்ணீர் எந்தக் குழாயில் வரும்? ஏசி தண்ணீர். மாடி அறை ஏசியின் வடிகுழாய் சுவருக்குள் விரிசல் விட்டிருந்தது. கடலோரக் காற்றின் ஈரத்துக்கு ஓர் ஏசி ஓர் இரவில் வாளிக்கணக்கில் தண்ணீர் விடும். பெயர்த்த டைல்ஸின் நிறம் மறுபடி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

இத்தனையும் செய்து, குழாயில்தான் கசிவு, ஆனால் எந்த இடம் என்று தெரியவில்லை என்றால் அப்போது காசு கொடுத்துக் கருவியைக் கூப்பிடலாம். முதலில் பிளம்பரிடம் கைப்பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். குழாயை அடைத்துத் தண்ணீரை ஏற்றி அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் முள் இறங்கினால் கசிவு உறுதி. ஒலி கேட்டுக் கண்டுபிடிக்கும் கருவி, அழுத்தம் அதிகமுள்ள இரும்புக் குழாய்க்கு நன்றாக வேலை செய்யும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் 1 பார் அழுத்தம். தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டில் டேங்கிலிருந்து கீழ்க் குழாய்க்கு அதில் பாதிகூட இராது. போதாததற்குப் பிளாஸ்டிக் குழாய் ஒலியை விழுங்கும். அதனால் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிக்கொண்டு கேட்பார்களா என்று விசாரியுங்கள். வெப்பக் கேமரா ஈரத்தைப் பார்ப்பதில்லை, சுவரின் சூட்டு வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அடைமழை நாளில் அதனால் பெரிய பயன் இருக்காது.

அந்த நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் கட்டணம் எவ்வளவு? படத்தோடு எழுத்தில் அறிக்கை தருவீர்களா? பழுதுபார்ப்பதையும் நீங்களே செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால், அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்கு இன்னொருவரிடமும் விலை கேளுங்கள்.

கேள்வி (ராமேசுவரம், ஒரு வாசகர்): தரைத்தளத்தில் எல்லாச் சுவரிலும் இடுப்பளவுக்கு ஓதம். ஒரு நிறுவனத்தார் வந்து ஈரமானியைச் சுவரில் வைத்தார்கள், சிவப்பு காட்டியது. அடுப்படித் தரையை உடைத்தார்கள். கசிவே இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: முதலில் சுவர். எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்துக்கு ஓதம் என்றாலே குழாய்க் கசிவின் அடையாளம் இல்லை. குழாய்க் கசிவு ஓரிடத்தில் தொடங்கித் திட்டாகப் பரவும். உங்களுடையது தரையிலிருந்து ஏறும் ஈரம், கூடவே உப்பு. சுவரில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும். உவர்மணலும் உப்புத் தண்ணீரும் கலந்து கட்டிய சுவர், குழாய் இல்லாவிட்டாலும் கடற்காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைநாளில் நனைந்து, வெயில் அடித்தால் பொரியும்.

அந்த ஈரமானி இங்கேதான் ஏமாற்றும். இரண்டு ஊசிக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். கொஞ்சம் ஈரமுள்ள உப்புச் சுவர்கூடச் சிவப்பு காட்டும். கடலோரத்தில் தொழில் செய்பவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நீங்களே சோதிக்க, ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் வேர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

ஓதத்தின் மேல் வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், பெயிண்டும் தோலாக உரியும். உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, சில வாரம் காயவிட்டு, நல்ல தண்ணீரும் ஆற்று மணலும் கொண்டு மறுபூச்சு பூசுவதுதான் வழி. சுண்ணாம்புக் காரை கிடைத்தால் இன்னும் நல்லது, அது சுவரை மூச்சுவிட விடும். ஆனாலும் அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் பட்டை இல்லையென்றால் சில வருஷத்தில் ஓதம் திரும்ப வரும். அதையும் தெரிந்தே செலவு செய்யுங்கள்.

இனி பணம். ரசீது இருக்கிறதா? இருந்தால், தவறான சோதனையை நம்பித் தரையை உடைத்தது சேவைக் குறைபாடு என்று எழுத்தில் அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உடைத்த இடத்தை மூடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், காய்ந்த குழாய் தெரிய வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி (தொண்டி): காவிரித் தண்ணீரைச் சம்பில் பிடித்து வைக்கிறோம். மழைக்குப் பிறகு உவர்க்கிறது. குழாயில் வரும் தண்ணீரே கெட்டுவிட்டதா?

பதில்: தண்ணீர் விடும்போது தெருக்குழாயிலேயே பிடித்து டிடிஎஸ் மீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் சம்பில் தினம் ஒருமுறை. குழாயில் சரியாக இருந்து சம்பில் மட்டும் நாளுக்கு நாள் ஏறினால், நிலத்தடி நீர் சம்புக்குள் புகுகிறது. மழையில் நிலத்தடி மட்டம் சம்பின் அடியை விட உயரும்போது, விரிசல் வழியாக வெளித்தண்ணீர் உள்ளே வரும். சித்திரை வெயிலில் அதே விரிசலில் நல்ல தண்ணீர் வெளியே போகும். கோடையில் சம்பு சீக்கிரம் காலியாகிறது என்று லாரித் தண்ணீருக்குச் செலவழித்திருப்பீர்களே, காரணம் இதுவாக இருக்கலாம்.

குடிநீரில் டிடிஎஸ் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் உப்பை விட எனக்குப் பெரிய கவலை, பக்கத்தில் இருக்கும் செப்டிக் டேங்க். உப்பு வரும் வழியில் அந்த நீரும் வரும். சரிசெய்யும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

சம்பை இறைத்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் எங்கே முத்து முத்தாகத் துளிர்க்கிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் அடியும் பக்கச் சுவரும் சேரும் மூலை, அல்லது குழாய் நுழையும் துளை. சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் வேலையை வையுங்கள், அப்போதுதான் பூச்சு பிடிக்கும். உட்பூச்சு வாங்கும்போது குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று பையிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (கீழக்கரை): வாங்கி மூன்று வருஷம் ஆன அடுக்குமாடி வீட்டில், மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே எங்கள் கூரை சொட்டுகிறது. கட்டித் தந்தவர், மேல்வீட்டாரைக் கேளுங்கள் என்கிறார்.

பதில்: ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறைபாட்டைத் தெரிவித்தால், 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்வது கட்டியவரின் பொறுப்பு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு இது. உங்கள் குடியிருப்பு அந்தச் சட்டத்தில் பதிவானதா என்று பத்திரத்தில் பாருங்கள். மேல்வீட்டார் பிறகு குழாயையோ டைல்ஸையோ மாற்றியிருந்தால் மட்டும் பேச்சு வேறு. அதனால் சண்டைக்குப் போகாமல் அவர்கள் வீட்டில் அனுமதி கேட்டு, மேலே சொன்ன தண்ணீர் கட்டும் சோதனையை இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். உங்கள் கூரையில் பென்சில் கோடு, தேதி, படம் மூன்றும் இருக்கட்டும். அவற்றை இணைத்துக் கட்டியவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு வருஷம் மீதி இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். தளத்துக் கம்பியில் துரு ஏறிவிட்டால் அது ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத்தில் அது சீக்கிரம் நடக்கும், கீழே படுத்திருப்பது நீங்கள்.