டிவி ஓடினா திடல் காலியாகுமா? கேள்வி பதில்

பென்னாகரம்: சார், எங்க ஊர்க் கபடிப் போட்டியை யூடியூப்ல லைவ் விடலாம்ங்கறாங்க பசங்க. விட்டா ஜனம் வராதுன்னு பெரியவங்க தடுக்கறாங்க.

உங்க ஆட்டத்தை நீங்களே காட்டறதால பெருசா ஒன்னும் குறையாது. அதே நேரத்துல வேற பெரிய ஆட்டம் டிவியில ஓடுதா, அதுதான் அடி. இங்கிலாந்துல சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து லைவே கிடையாது. பெரிய கிளப் ஆட்டத்தை வீட்டுல பாத்துக்கிட்டு, சின்ன கிளப் பக்கம் ஜனம் போகாதுங்கிற பயம். அமெரிக்காவுல என்எஃப்எல்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் லீக் வேற வழி வெச்சிருந்துச்சு. ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னாடி டிக்கெட் தீரலைன்னா உள்ளூர் டிவியில காட்டமாட்டாங்க. அதை 2015ல நிறுத்திட்டாங்க. டிவி காசுக்கு முன்னாடி டிக்கெட் காசு சில்லறை ஆயிடுச்சு. உங்களுக்கு டிவி காசு கிடையாது, பரிசு குடுக்கறவர்தான் எல்லாம். அவர் பேனர் கேமராவுல விழணும். ஐபிஎல் ராத்திரியில ஃபைனல் வேணாம்.

ஓசூர்: பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்துல ஐபிஎல் டிக்கெட்டே கிடைக்கல, நீங்க கூட்டம் குறையுதுங்கறீங்க?

ஐபிஎல்லுக்குக் குறையுதுன்னு நான் சொல்லவே இல்லையே. 2022ல 410 ஆட்டத்தோட ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போச்சு. ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. 35,000 பேர் ஆளுக்கு 3,000 குடுத்தாலும் பத்தரைக் கோடிதான். கூட்டம் வேற, வருமானம் வேற. குழப்பிக்காதீங்க.

காரிமங்கலம்: சென்னை மேட்சுக்கு டிக்கெட் எங்க வாங்கறது?

இங்க இல்ல.

காவேரிப்பட்டணம்: டிவி வந்துதான் கபடி கெட்டுச்சு. மண்ணு போயி மேட் வந்துடுச்சு.

அரூர்: அந்த மேட்டாலதான்ணா நம்ம பசங்க ஏலத்துல லட்சக்கணக்குல போறாங்க.

காவேரிப்பட்டணம்: முட்டி போனா அந்த லட்சம் வருமா?

ரெண்டு பேரும் நில்லுங்க. புரோ கபடி 2014ல வந்துச்சு; சர்வதேசப் போட்டியில மேட் அதுக்கு முன்னாடியே இருக்கு. டிவியோட வேலையைக் காட்டணும்னா, 2021-22 சீசனைப் பாருங்க. முழுசும் பெங்களூர்ல ஒரே ஓட்டல்ல, பார்வையாளரே இல்லாம நடந்துச்சு. திடல் காலி, லீக் ஓடுச்சு. நம்ம ஊர்ப் போட்டி அப்படி ஒரு வருஷம்கூடத் தாங்காது. முட்டிக்கு டாக்டரைக் கேளுங்க.

பாலக்கோடு: எங்க போட்டியை லைவ் விடலாமா சார்?

மேல பென்னாகரத்துக்குச் சொன்னதேதான்.

ஊத்தங்கரை: லைவ் விட்டா கூட்டம்...

மேல படிங்க. ஐபிஎல் ராத்திரி வேணாம்.

ஊத்தங்கரை: நோட்டீஸ் அடிச்சாச்சு சார். மே மாசம், ஞாயித்துக்கிழமை ராத்திரி 8 மணி.

ஐபிஎல் 7.30க்கு ஆரம்பிச்சுடும். ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் மத்தியானம் 3.30க்கும் ஒன்னு இருக்கும். தேதியை மாத்துங்க, புது நோட்டீஸ் செலவு பரவால்ல.