ஆசோஜ் மாதத்துப் புல்

அன்புள்ள ஐயா,

செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து 16 நாட்கள் உத்தராகண்டின் குமாவோன் பகுதியில், அல்மோரா மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில், ஒரு வீட்டின் மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். மழை விட்டு வானம் கழுவியதுபோல் இருந்தது. கதவைத் திறந்தால் நேர் எதிரே திரிசூல் சிகரம். கற்பலகைக் கூரைகளில் சிவப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. வீட்டம்மா விடியுமுன்னே தேநீரை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு பகல் முழுக்க ஊரில் ஒரு சத்தம் கிடையாது, ஆளும் கிடையாது. நேரமே நின்றுவிட்டதுபோல் இருந்தது. பெங்களூரில் 9 ஆண்டுகளாக மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு, மனிதர்கள் இப்படியும் அவசரமில்லாமல் வாழ முடியும் என்பதே ஒரு திறப்பாக இருந்தது. படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

அங்கே சிறிது நிலம் வாங்கிக் குடியேறலாமா? அந்த இலையுதிர் காலத்தைத்தான் நம்முடைய முன்னோர் கூதிர் என்றார்களா? அந்த அமைதியில் எழுத்து கைகூடுமா? நீங்கள் அங்கே வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பழைய பெட்டி ஒன்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். 1997இல் ஒரு சிற்றிதழில் வெளிவந்த என்னுடைய கவிதை அதில் அகப்பட்டது. தலைப்பு ‘அமைதி’. உங்கள் கடிதத்தில் இருக்கிற அத்தனையும் அதிலும் இருக்கிறது: திரிசூல், மிளகாய், ஆளில்லாத முற்றம், நின்றுபோன நேரம். ஆகவே இந்தப் பதிலில் வருகிற வசவில் பாதி எனக்குரியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதி உங்களுக்கே.

நிலத்தைப் பற்றி: நகராட்சி எல்லைக்கு வெளியே, வீடு கட்டிக்கொள்ள என்று வெளிமாநிலத்தவர் 250 சதுர மீட்டருக்கு மேல் வாங்க அங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. அந்தச் சட்டமும் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. மேற்கொண்டு அல்மோராவில் ஒரு வக்கீலைப் பாருங்கள். எழுத்தாளனிடம் பட்டா விவரம் கேட்பது சோதிடரிடம் பல்வலிக்கு மருந்து கேட்பதைப் போன்றது.

கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். வாடைக்காற்றும் நசநசப்பும் கொண்ட நம்முடைய மழைக்குளிர் அது. அங்கே அந்த நாட்களில் மழை முடிந்து வானம் திறந்துவிடும். இலையுதிர் காலம் என்ற சொல்லும் குமாவோனுக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. அங்குள்ள பாஞ்சு மரம், அதாவது மலை ஓக், பழைய இலையை உதிர்ப்பது வசந்தத்தில், புதுத்தளிர் வருகிறபோது. சீர் பைன் தன் ஊசி இலைகளைக் கோடையில் கொட்டும்; காட்டுத்தீ பிடிப்பதே அந்தச் சருகில்தான். வாதுமை, ஆப்பிள் போன்ற சில மரங்கள் உதிர்க்கின்றன என்பது உண்மை. ஆனால் மற்றவை உதிர்க்கிற அதே வேளையில், பயான் என்று அவர்கள் சொல்கிற காட்டுச் செர்ரி, அக்டோபர் நவம்பரில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். இலையைப் பார்த்துப் பருவம் சொல்கிற வழக்கத்தை அங்கே கைவிட்டுவிட வேண்டும். அந்த மாதத்தில் மலையிலிருந்து இறங்குவது புல்.

நான் சொல்ல வந்தது இந்தப் புல்லைப் பற்றித்தான்.

குமாவோன்காரர்கள் நம்மைப் போலவே சூரிய மாதத்தை எண்ணுகிறவர்கள். நமக்குப் புரட்டாசி பிறக்கிற நாளை ஒட்டியே, செப்டம்பர் 17 வாக்கில், அவர்களுக்கு ஆசோஜ் பிறக்கிறது. அன்று மாலை கதடுவா என்ற பண்டிகை. பிள்ளைகள் காய்ந்த புல்லையும் சுள்ளியையும் கம்பத்தைச் சுற்றிக் குவித்துக் கொளுத்துவார்கள். தீப்பந்தத்தை மாட்டுக்கொட்டிலுக்குள் ஒரு சுற்றுக் காட்டி எடுத்து வருவார்கள். முற்றிப் பழுப்பேறிய மலை வெள்ளரிக்காயை நறுக்கி நெருப்பில் வீசுவார்கள், மிச்சத்தைத் தின்பார்கள். ‘பசுவுக்கு வெற்றி, கதடுவாவுக்குத் தோல்வி’ என்று கூச்சல் போடுவார்கள். ஏதோ ஓர் அரசன் போரில் வென்ற கதையையும் இதனோடு ஒட்டிச் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, ஆர்வமும் இல்லை. நெருப்பு அணைந்த மறுநாள் விடியலில் பெண்கள் அரிவாளோடு சரிவில் ஏறுகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒரே மாதத்துக்குள் எல்லாம் முற்றி நிற்கும். மண்டுவா என்கிற நம் கேழ்வரகு, மாதிரா என்கிற குதிரைவாலி, கஹத் என்கிற கொள்ளு, பட் என்கிற கறுப்பு சோயா. கேழ்வரகுக் கதிரைக் கொய்து, சில நாள் அம்பாரம் போட்டு, சூடேறவிட்டு அடிப்பதைப் பார்த்தபோது, தர்மபுரிப் பக்கத்துக்காரனான எனக்கு ஊர் வந்துவிட்டதைப் போலிருந்தது. ஆனால் இந்தத் தானியங்கள் எல்லாம் சேர்ந்தும் புல்லுக்கு ஈடாகாது. மழைக்காலம் முழுக்க மாடு விடாமல் காத்துவைத்த சரிவுகளில் ஆசோஜில் புல் இடுப்புயரம் நிற்கும். அதை அறுத்து, இரண்டொரு நாள் வெயிலில் கிடத்தி, பூலா என்கிற சிறு கட்டுகளாகக் கட்டி, வீட்டுக்குச் சுமந்து வந்து சேர்த்துவிட வேண்டும். உறைபனி விழத் தொடங்கியபின் வசந்தம் வரைக்கும் மலையில் பச்சைத் தீவனம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ஓக் தழைதான். அறுத்துப் போட்டது கிடக்கும்போது ஒரு மழை பெய்தால் போயிற்று. பால், நெய், எருவில்லாமல் விளையாத அந்தப் படிவயல், எல்லாம் இந்த முப்பது நாளில் தலையில் ஏறி இறங்குகிற புல்லில் நிற்கின்றன.

நீங்கள் அங்கே இருந்தது சரியாக அந்த முப்பது நாளில்.

பகல் முழுக்க ஆளே இல்லை என்று எழுதுகிறீர்கள். வீட்டம்மா விடியுமுன் தேநீரை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். எங்கே போனார் என்று 16 நாளில் ஒரு நாளாவது கேட்கத் தோன்றியதா? அந்தத் தேநீரில் இருந்த பால் எதைத் தின்று சுரந்தது என்றாவது? நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரிசூலுக்குக் கீழே, இடப்பக்கச் சரிவில், மூன்று சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. காட்டுப்பூ என்று நினைத்திருப்பீர்கள். அவை முக்காடுகள். அவசரமில்லாமல் வாழ்கிற மனிதர்கள் என்று நீங்கள் கண்டுகொண்டவர்கள், உங்கள் கண்ணுக்கு நேரே, வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத சரிவில் குனிந்து, வருஷத்திலேயே மிக அவசரமான வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நின்றுபோனது உங்கள் கைக்கடிகாரமாக இருக்கலாம். பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கதை இதைவிடக் கேவலமானது.

1996 முதல் 1998 வரை அங்கே ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்தேன். அப்போது அது உத்தரப் பிரதேசம். தனி மாநிலமானது 2000 நவம்பர் 9இல். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் எருமை வாங்கிய கடன்கள் நிலுவையில் நின்றன. வசூல் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடியில், நாட்காட்டியைப் பார்க்காமல், ஆசோஜ் மாதத்து முதல் வாரத்தில் 5 கிலோமீட்டர் மலையேறி ஒரு வீட்டுக்குப் போனேன். வீடு திறந்து கிடந்தது. கொட்டிலில் எருமை. முற்றத்தில் பாயில் மிளகாய். கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் இல்லை. மூன்று மணிநேரம் அந்த முற்றத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு மணிநேரம் எரிச்சல். அதற்குப் பிறகு மலை என்னை மயக்கிவிட்டது. வசூல் பதிவேட்டின் பின்பக்கத்தில் ‘அமைதி’யை எழுதினேன். கடன்காரியின் முற்றத்தில் உட்கார்ந்து, அவருடைய கடன் கணக்கின் முதுகில், அவர் இல்லாததைப் புகழ்ந்து கவிதை.

கடைசி வரியைத் திருத்திக்கொண்டிருந்தபோது படியில் புல் ஏறி வந்தது. அப்படித்தான் தெரிந்தது. முகம் இல்லை, தோள் இல்லை. ஒரு பெரிய புற்குவியலுக்குக் கீழே இரண்டு கால்கள், பிளாஸ்டிக் செருப்பு, கணுக்காலில் புல் அறுத்த கீறல்கள். என் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “யாரு?” வங்கியிலிருந்து வருகிறேன் என்றேன். சுமையை இறக்கவில்லை. இறக்கினால் மறுபடி ஏற்றிவிட ஆள் வேண்டுமே. “சாப், இது ஆசோஜ். மங்சீர் கழியட்டும், நானே வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் புல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிற்று. மங்சீர் என்றால் நம் கார்த்திகை. நான் பதிவேட்டை மூடினேன்.

காகி என்றுதான் பின்னாளில் அவரை அழைத்தேன், சித்தி என்கிற பொருளில். கணவருக்குச் சமவெளியில் ஏதோ தொழிற்சாலையில் காவல் வேலை. மாதாமாதம் மணியார்டர் வரும், ஆள் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்த மலையில் பாதி வீடுகள் அன்று அப்படித்தான் இருந்தன. பிறகு மணியார்டர் வந்த வழியிலேயே குடும்பங்களும் இறங்கிவிட்டன: 2001க்கும் 2011க்கும் இடையில் அல்மோரா, பௌரி ஆகிய இரு மாவட்டங்களின் மக்கள்தொகையே குறைந்தது. 2011க்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளற்றுப் போயின என்று அந்த மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையம் 2018இல் கணக்குக் கொடுத்தது. நீங்கள் குடியேற விரும்புகிற அமைதியின் ஒரு பகுதி இந்தக் கணக்கில் இருக்கிறது. புல்லறுக்கிற பெண்ணை அங்கே கசியாரி என்பார்கள்; அவர்கள் தலைச்சுமையைக் குறைக்கவென்று, பொதிந்த தீவனத்தை ஊருக்கே கொண்டுவந்து தருகிற அரசுத் திட்டம் ஒன்று அவர்கள் பெயரிலேயே 2021இல் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். 25 வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.

முற்றத்தில் கவிதை எழுதிய வெட்கம் தாளாமல், அந்த மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை உதவி செய்கிறேன் என்று போய் நின்றேன். லூட்டா போடுகிற நாள் அது. நிலத்தில் ஊன்றிய கம்பத்தையோ நிற்கிற மரத்தையோ நடுவாக வைத்து, உலர்ந்த பூலாக்களைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, மேலே கூம்பாக முடித்துக் கட்டுவதுதான் லூட்டா. எங்கள் வீட்டில் வைக்கோல் போர் போடும்போது மேலேறி மிதிக்கிற வேலை சிறுவயதில் என்னுடையது. அந்தத் தகுதியைச் சொல்லிக்கொண்டு நானே மேலே ஏறிவிட்டேன். காகி கீழிருந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். முதல் நாலைந்து சுற்று ஒழுங்காக வந்தது. ஆளுயரம் தாண்டியதும் மேகம் விலகித் திரிசூல் வந்துவிட்டது. “நடுவைத் தூக்கிவை, நடுவைத் தூக்கிவை” என்று கீழிருந்து இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, கை கேட்கவில்லை.

போர் போட்டவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பத்தை ஒட்டிய நடுப்பகுதி எப்போதும் ஓரத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு புல்லும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கூரை ஓலையைப் போல் மழையை வெளியே தள்ளும். நடு தாழ்ந்தால் ஒவ்வொரு புல்லும் ஒரு வாய்க்கால். பெய்கிறதையெல்லாம் உள்ளே கொண்டுபோகும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். என்னுடைய லூட்டா அழகாகவே இருந்தது. படம்கூட எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு பக்கத்து ஊரில் ராமலீலா. குமாவோனில் ராமலீலாவைப் பேசி நடிக்க மாட்டார்கள். ஆர்மோனியத்துக்கு ராகத்தில் பாடி நடிப்பார்கள். வசனக் கூத்தை மட்டுமே பார்த்த சமவெளிக்காரர்களுக்கு அது புரிவதில்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். பெண்கள் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தார்கள். சீதையைத் தூக்கிக்கொண்டு ராவணன் போவதற்குள் வரிசை வரிசையாகத் தூங்கிவிட்டார்கள். காகியின் விரல்கள் மடியில் பாதி மடங்கி, அரிவாள் பிடியை விடாதவைபோல் இருந்தன.

அக்டோபர் கடைசியில் இரண்டு நாள் மழை பெய்தது. டிசம்பரில் அந்த லூட்டாவைப் பிரித்தபோது நானும் இருந்தேன். வெளிச்சுற்றுப் பொன்னிறமாக வந்தது. அதற்குள்ளே கைவிட்ட காகி நிறுத்தி, வெளியே இழுத்து முகர்ந்தார். வெள்ளைப் பூசணம். உள்ளே போகப் போகக் கறுப்பு, வெதுவெதுப்பு, புளித்த நாற்றம். ஒரு கட்டை எருமையின் முன்னால் போட்டார். அது மூக்கை நெருக்கமாகக் கொண்டுவந்து, ஒரு மூச்சு விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. எந்த விமர்சகரும் அதன்பிறகு என்னை அப்படி நிராகரித்ததில்லை. ஒரு மாதத் தீவனம். காகி ஒன்றும் சொல்லவில்லை. அழுகியதைப் பிரித்து எடுத்துக் கொட்டிலில் மாட்டுக்குக் கீழே படுக்கையாகப் பரப்பினார்; எருவுக்காவது ஆகும். மேல்சுற்றில் நல்லதாக இருந்ததைத் தனியே சேர்த்தார். அடுத்த மாதமே ‘அமைதி’ அச்சாகி வந்தது.

எழுத்து கைகூடுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை. அறை வாடகைக்குக் கிடைக்கும், மேசை போட்டுக்கொள்ளலாம். போவதென்றால் புரட்டாசி பத்து தேதிக்குமேல் போங்கள், அந்த வீட்டுக்கே போங்கள், விடியுமுன் எழுந்து தேநீர் வைக்கிறவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். கூடப் போகிற முதல் நாளே அரிவாளைக் கேட்காதீர்கள்.

மங்சீர் கழிந்த வாரத்தில், நம் மார்கழி பிறந்திருந்தது, காகி சொன்னபடியே கிளைக்கு வந்தார். நெய் விற்ற காசும் மணியார்டர் காசுமாக இரண்டு தவணையைச் சேர்த்துக் கட்டினார். ரசீதை நான்காக மடித்து மேலாடைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் வரை போனவர் திரும்பி வந்து கவுண்டரில் கையை ஊன்றிச் சொன்னார்: “அடுத்த ஆசோஜில் லூட்டா போடுகிற நாளைச் சொல்லி அனுப்புகிறேன். வா, பேட்டா. ஆனால் நீ கீழே நின்று எடுத்துக் கொடு.”

அன்புடன்.