தலைவலி பறித்த நாட்கள்: வாசகர் கேள்வி, மருத்துவர்கள் பதில்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஒற்றைத் தலைவலி. எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் "ரொம்ப" என்கிறாள். மருத்துவர் 'பெட்மிடாஸ்' என்று ஆறு கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். எப்படி நிரப்புவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடந்த மூன்று மாதத்தில் தலைவலியால் உங்கள் மகள் எத்தனை நாளை இழந்தாள் என்று கணக்கெடுக்கும் தாள் அது. பெரியவர்களுக்கான 'மிடாஸ்' படிவத்தைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி, அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2001-இல் வெளியிட்டார்கள்.

முதல் மூன்று கேள்விகள் பள்ளியைப் பற்றியவை: முழு நாள் லீவு எத்தனை, பாதி நாளில் வீடு திரும்பியதோ தாமதமாகப் போனதோ எத்தனை, வகுப்பில் உட்கார்ந்திருந்தும் வழக்கத்தில் பாதிகூடச் செய்ய முடியாத நாள் எத்தனை. நான்காவது கேள்வி வீட்டுப்பாடமும் வீட்டு வேலையும் செய்ய முடியாத நாட்களுக்கு. ஐந்தாவது, விளையாட்டு, வெளியே போவது போன்றவற்றைக் கைவிட்ட நாட்களுக்கு. அவற்றில் கலந்துகொண்டும் பாதிக்குக் கீழே ஈடுகொடுத்த நாட்கள் ஆறாவதில் வரும். ஆறு எண்களையும் கூட்டினால் அதுதான் மதிப்பெண்.

தவறு நடப்பது இரட்டைக் கணக்கில். முதல் மூன்றில் ஒரு நாள் ஒரு இடத்தில்தான் வரலாம். ஐந்துக்கும் ஆறுக்கும் அதே விதி. ஆனால் பள்ளி, வீடு, விளையாட்டு ஆகிய மூன்றிலும் அதே நாளைத் தனித்தனியாக எண்ணலாம். புதன்கிழமை மதியம் பள்ளியிலிருந்து அழைத்து வந்தீர்கள், மாலையில் வீட்டுப்பாடம் எழுதவில்லை, விளையாடவும் போகவில்லை என்றால், இரண்டு, நான்கு, ஐந்து மூன்றிலும் ஒவ்வொன்று. அந்த ஒரு நாளுக்கு 3 மதிப்பெண்.

மூன்று மாதத்தை நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். தலைவலி வந்த நாளின் கட்டத்தில், படுக்கப் போகும் முன் கேள்வி எண்களை எழுதுங்கள். அந்தப் புதன்கிழமைக்கு "2, 4, 5". வலி வந்தும் எதுவும் தடைப்படவில்லை என்றால் "0". பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண்ணில் அது சேராது, ஆனால் தலைவலி நாட்கள் மொத்தம் எத்தனை என்பதும் மருத்துவருக்கு வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு விடை மகளுக்கு மட்டுமே தெரியும். "போர்டில் இருந்ததைப் பாதிகூட எழுத முடியாம விட்டியா?" என்று அன்றன்றே கேளுங்கள். பெற்றோர் தனியாக நிரப்பும் தாளில் இந்த இடம்தான் பெரும்பாலும் காலியாக நிற்கும்.

கேள்வி: பத்து வயது மகனுக்கு ஜூலை முதல் வாரத்தில் 14 வந்தது. அக்டோபரில் 36. சிகிச்சை பலிக்கவில்லையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: 10 வரை பாதிப்பு இல்லை அல்லது மிகக் குறைவு, 11 முதல் 30 வரை லேசானது, 31 முதல் 50 வரை நடுத்தரம், 50-க்கு மேல் கடுமை. உங்கள் மகன் ஒரு படி ஏறியது போலத் தெரிகிறது. ஆனால் ஜூலையில் எடுத்த கணக்கு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கானது. அதில் கணிசமான நாட்கள் கோடை விடுமுறை. பள்ளியே இல்லாதபோது முதல் மூன்று கேள்விகளுக்கும் பூஜ்யம்தானே வரும்? அக்டோபர் கணக்கில் முழுப் பள்ளி நாட்களும் காலாண்டுத் தேர்வும் இருக்கின்றன. இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. தலைவலி நாட்களின் எண்ணிக்கையும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஒப்பீட்டை ஜனவரியில் செய்யுங்கள். மாதாமாதம் நிரப்பினால் பழைய இரண்டு மாதமே திரும்ப எண்ணப்படும்.

இன்னொன்று: முன்பு லீவு போட்ட பையன் இப்போது வகுப்பில் உட்கார்ந்து தாக்குப்பிடிக்கிறான் என்றால், அது உண்மையான முன்னேற்றம். ஆனால் முதல் கேள்வியில் குறைந்த 1 மூன்றாவதில் ஏறிவிடுவதால் மொத்தம் அசையாது. அதனால் மொத்தத்தை மட்டும் சொல்லாமல் ஆறு எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு 58. தினமும் மாத்திரை போட்டே ஆக வேண்டுமா?
– வாசகி, சேலம்

பதில்: 58 கடுமையான பாதிப்புதான், ஆனால் எந்தச் சிகிச்சை என்று அந்த எண் சொல்லாது. ஒற்றைத் தலைவலி உள்ள 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் தலைவலி வராமல் தடுக்கத் தினமும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், டோபிரமேட் என்ற இரண்டு மருந்துகள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மூன்றையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளிவந்தது. தலைவலி நாட்களைப் பாதியாகக் குறைப்பதில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பக்கவிளைவுகள் மருந்து எடுத்தவர்களிடமே அதிகம்.

நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ள 10 முதல் 17 வயதினரிடம் நடந்து 2013-இல் வந்த ஆய்வு நம்பிக்கை தருகிறது. எல்லோருக்கும் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். அதோடு சி.பி.டி. எனப்படும் உளவியல் பயிற்சியும் பெற்றவர்களுக்கு பெட்மிடாஸ் சராசரியாக 52.7 குறைந்தது, தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களுக்கு 38.6. உடலைத் தளர்த்தவும் வலியைச் சமாளிக்கவும் கற்றுத்தரும் பயிற்சி அது. உளவியல் நிபுணரிடம் அனுப்பினால், "வலி பொய் என்கிறார்களோ" என்று மனம் நோக வேண்டாம். வலி உண்மை என்பதால்தான் அனுப்புகிறார்கள்.

கேள்வி: பேரனுக்கு வாரத்தில் நாலு நாள் பாராசிட்டமால் கொடுக்கிறோம். பரவாயில்லையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பரவாயில்லை என்று விட முடியாதம்மா. பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்தைத் தாண்டியும் போனால், மருந்தே தலைவலியை நீட்டிக்கக்கூடும். வாரம் நாலு என்றால் மாதத்துக்குப் பதினாறு, பதினேழு வந்துவிடும். மருந்து கொடுத்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அதோடு மருத்துவரைப் பாருங்கள். சிரப் என்றால் லேபிளையும் படியுங்கள்: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது, 250 உள்ளதும் கிடைக்கிறது. பாட்டில் மாறினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

காலண்டர் நிரம்பட்டும் என்று காத்திருக்கக் கூடாத நிலைமைகள் உண்டு. வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், விடியற்காலை வாந்தியோடு வந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், இதுவரை இல்லாத கடுமையில் திடீரென்று தாக்கினால், மதிப்பெண் 5 ஆக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.