கெண்டைக்கால் சதை துடிக்கிறது, நரம்பு நோயா?

கேள்வி: எனக்கு 44 வயது. மன்னார்குடி பக்கம் குறுவை சாகுபடி செய்கிறேன். மூன்று வாரமாக, இரவில் படுத்ததும் இரண்டு கெண்டைக்கால் சதைகளும் துடிக்கின்றன. வலி இல்லை. செல்பேசியில் தேடினால், தசையை உருக்கிவிடும் நரம்பு நோயின் அறிகுறி என்று வருகிறது. அன்று முதல் தூக்கமே போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். வரப்பில் நடக்கும்போது கால் நுனி தடுக்குகிறதா? ரப்பர் செருப்பு உங்களை அறியாமல் நழுவுகிறதா? சட்டைப் பொத்தான் போட விரல் திணறுகிறதா? பேச்சு குழறுகிறதா? எதுவும் இல்லையென்றால், நீங்கள் அஞ்சும் மோட்டார் நியூரான் நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த நோயில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அதனால் பலம் குறைகிறது, சதை வற்றுகிறது, துடிப்பும் இருக்கும். நோயாளிகள் பெரும்பாலும் பலக்குறைவைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். துடிப்பைப் பல நேரங்களில் மருத்துவர்தான் முதலில் பார்க்கிறார். நரம்பு எரிச்சலடைந்து தானாகத் தூண்ட, சதை சுண்டுவதே துடிப்பு. அது நல்ல நரம்பிலும் நடக்கும். நாளெல்லாம் சேற்றில் உழைப்பு, தூக்கக் குறைவு, மூன்று நான்கு டம்ளர் காபி, அதற்கு மேல் இந்தப் பயம்: இவையே போதும். தைராய்டு கோளாறும் சில ஆஸ்துமா மருந்துகளும்கூடக் காரணமாகலாம்.

ஆனால் டெல்டாக்காரர் ஒருவர் துடிப்பு என்றால் நான் கட்டாயம் கேட்பது, கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்பதைத்தான். குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள், நரம்பு தசைக்கு அனுப்பும் ரசாயனச் செய்தியை அழிக்கும் நொதியை முடக்குகின்றன. செய்தி அழியாமல் தேங்கிவிடுவதால் சதை ஓயாமல் துடிக்கிறது. முதுகில் மாட்டிய டேங்க் கசிந்து, நனைந்த சட்டையோடு மாலைவரை நிற்பதே ஆபத்து. தோல் வழியாகவும் விஷம் ஏறும். துடிப்புடன் உமிழ்நீர் ஒழுகல், வியர்வை, வாந்தி, கண் மங்கல், மூச்சுத்திணறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உங்கள் வீட்டு இளைஞர்களுக்காக ஒன்று. இருபது வயதையொட்டிய பையனுக்கு ஒரு கை மட்டும் மெலிந்தால் அது ஹிராயாமா நோயாக இருக்கலாம். ஜப்பானில் 1959-இல் விவரிக்கப்பட்ட இது, சில ஆண்டுகளில் பெரும்பாலும் மேலும் முற்றாமல் தானே நின்றுவிடும். ஆனாலும் நரம்பியல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

உங்களுக்கு இப்போதைக்கு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் போதும். பலக்குறைவோ மெலிவோ தெரிந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் தசையில் மெல்லிய ஊசி செலுத்தி மின்பதிவு எடுப்பார்கள்.

இன்று, முழங்கால் சில்லுக்குக் கீழே 10 செ.மீ. தள்ளிப் பேனாவால் கோடிட்டு, தையல் டேப்பால் இரு கால்களையும் அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். நுனிக்காலில் பத்தடி, குதிகாலில் பத்தடி நடந்து பாருங்கள். தினமும் அளக்காதீர்கள். சம்பா நடவு முடிந்ததும் மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.