7 கிலோ பையோட வெளிநாடு: உங்க கேள்விகளும் என் பதில்களும்

பதினோரு வருஷமா செக்-இன் பெட்டியே போடாம கேபின் பை ஒண்ணோடதான் வெளிநாடு போயிட்டு வர்றேன், மூணு நாள் ட்ரிப்பும் உண்டு, ஆறு வாரமும் உண்டு. எல்லாரும் தனித்தனியா கேட்டதை ஒரே இடத்துல வச்சு பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, 12 நாள் ட்ரிப், நாலு ஊரு. 12 செட் துணி அடுக்குனேன், பெட்டி மூடவே மாட்டேங்குது. எதைக் குறைக்கிறது?

பதில்: மொதல்ல அந்த 12-ங்கிற எண்ணை மறந்துடுங்க. எத்தனை நாள் போறோம்னு பார்க்கக் கூடாது, எத்தனை நாளைக்கு ஒருக்கா துவைப்போம்னு பார்க்கணும். நாலு மேல்சட்டை, ரெண்டு பேன்ட், அஞ்சு செட் உள்ளாடை, இது 12 நாளுக்கும் போதும், 40 நாளுக்கும் போதும். ஜீன்ஸ் ஒண்ணு முக்கால் கிலோ வரும், நனைஞ்சா ஒரு ராத்திரில காயாது, அதனால எடுத்தா ஒண்ணு, அதையும் போட்டுக்கிட்டே ஃப்ளைட் ஏறுங்க. மிச்சமெல்லாம் மெல்லிசான பாலியெஸ்டர் கலந்ததோ மெரினோ கம்பளியோ. மெரினோ விலை ஜாஸ்திதான், ஆனா ரெண்டு மூணு நாள் போட்டாலும் நாத்தம் வராது.

ராத்திரி குளிக்கும்போதே அன்னிக்குப் போட்டதை அலசிடுங்க. பிழிஞ்ச சட்டைய ஹோட்டல் டவல் மேல நீட்டி விரிச்சு, டவலோட சேர்த்து பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, ஒரு முனைய கால்ல மிதிச்சுக்கிட்டு மறு முனைய நல்லா முறுக்குங்க. பிரிச்சுப் பார்த்தா டவல் தண்ணிய குடிச்சிருக்கும், சட்டை தொட்டா சில்லுன்னு இருக்கும், சொட்டாது. அப்படியே ஹேங்கர்ல மாட்டினா காலைல ரெடி. இந்த ஒண்ணு கைவசம் இருந்தா பாதிப் பெட்டி தானா காலியாயிடும்.

கேள்வி: கேபின்ல 7 கிலோதான் விடுவாங்கன்னா லேப்டாப்புக்கே பத்தாதே மேடம்?

பதில்: பத்தும். ஆனா காலிப் பையோட எடைய மொதல்ல பாருங்க, பலபேர் தப்பு பண்றது இங்கதான். நாலு சக்கர கேபின் ட்ராலி வெறுசாவே 3 கிலோ பக்கம் வரும், பேக்பேக்னா ஒரு கிலோ சில்லறை. அந்த ரெண்டு கிலோ வித்தியாசத்துல உங்க லேப்டாப்பும் சார்ஜரும் உக்காந்துக்கும். எகானமில எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 7 கிலோ விடுறாங்க, லுஃப்தான்சா 8. வழியில வேற ஏர்லைன் மாறுறீங்கன்னா ரெண்டுல எது குறைவோ அதுக்குத்தான் பேக் பண்ணணும். என் பை 55 x 35 x 20 செ.மீ., இதுவரைக்கும் எங்கயும் நிறுத்தினதில்ல. கையில தொங்கவிட்டுப் பார்க்கிற சின்ன தராசு ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, திரும்பி வரும்போது அதுதான் காப்பாத்தும்.

கேள்வி: ஷாம்பூ 200 மில்லி பாட்டில்ல பாதிதான் இருக்கு. விடுவாங்களா?

பதில்: விட மாட்டாங்க. உள்ள எவ்ளோ இருக்குன்னு பார்க்கிறதில்ல, பாட்டில்ல போட்டிருக்கிற அளவுதான் கணக்கு. 2006ல லண்டன்ல திரவ வெடிமருந்து சதி பிடிபட்டதுக்கு அப்புறம் வந்த விதி இது: ஒவ்வொண்ணும் 100 மில்லிக்குள்ள, எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் கவருக்குள்ள. டூத்பேஸ்ட்டும் இதுல சேர்த்தி. இப்ப சில ஏர்போர்ட்ல புது ஸ்கேனர் வச்சு தளர்த்தியிருக்காங்க, ஆனா கிளம்புற ஏர்போர்ட்ல விட்டாங்கன்னு நம்பிப் போய், திரும்பி வர்ற ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டுட்டு வரணும், தேவையா? சோப்புக்கட்டி, கட்டியா வர்ற ஷாம்பூ ரெண்டும் எடுத்துட்டா இந்தக் கவலையே இல்ல.

கேள்வி: பவர் பேங்க் எங்க வைக்கணும் அக்கா? ஹேர் டிரையர்?

பதில்: பவர் பேங்க் கேபின்லதான், செக்-இன்ல கண்டிப்பா கூடாது, ஏன்னா லித்தியம் பேட்டரி சரக்கு அறைல தீப்பிடிச்சா யாரும் கிட்டப் போய் அணைக்க முடியாது. பேட்டரில எவ்ளோ சக்தி தேங்கும்ங்கிறத வாட் ஹவர்ல சொல்வாங்க, 100 வாட் ஹவர் வரைக்கும் சரி. பவர் பேங்க் மேல 20,000 எம்ஏஹெச்னு போட்டிருந்தா அதை 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுங்க, 74 வருது, தாராளமா போகலாம். ஃப்ளைட்டுக்குள்ள அதை உபயோகிக்க இப்ப பல ஏர்லைன்ல தடை இருக்கு, டிக்கெட் போட்டதும் பார்த்துக்கோங்க.

ஹேர் டிரையர் வேணாம். உங்க ஊர்ல 230 வோல்ட்டுன்னா ஜப்பான்ல 100, அமெரிக்கால 120, அங்க அது சரியா ஓடாது. போன், லேப்டாப் சார்ஜர்ல 100-240னு பொடி எழுத்துல போட்டிருக்கும், அதுக்கு வெறும் பிளக் அடாப்டர் போதும்.

கேள்வி: பெட்டிக்குள்ள துணிய அடுக்கி வைக்கிற சின்ன ஜிப் பை, பேக்கிங் க்யூப், வாங்கலாமா?

பதில்: இடம் மிச்சமாகும், எடை ஒரு கிராம்கூட குறையாது. ஒண்ணு ரெண்டு போதும்.

கேள்வி: செக்-இன்ல 23 கிலோ ஃப்ரீயா குடுக்கிறான், எதுக்கு இந்தக் கஷ்டம்?

பதில்: நியாயமான கேள்விங்க. ரெண்டு வருஷம் படிக்கவோ குடித்தனம் போடவோ போறீங்கன்னா நான் சொல்றது எதையும் கேட்க வேணாம், 23ஐயும் நிரப்பிக் கொண்டு போங்க. ஊர் ஊரா நகர்ற ட்ரிப்புக்குத்தான் சொல்றேன். நான் மாறினதுக்குக் காரணமே ஒரு ட்ரான்சிட்ல பெட்டி வராமப் போனதுதான். மூணு நாள் ஒரே துணியோட மீட்டிங் போனேன், மாத்திரை பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. பெட்டி போடுறவங்க இதை மட்டும் செய்ங்க: வரலைன்னா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கவுன்டர்ல எழுதிக் குடுத்து பிஐஆர் நம்பர், அதாவது பெட்டி புகாரோட பதிவு எண், வாங்கிடுங்க. மான்ட்ரியல் ஒப்பந்தம்னு சர்வதேச விமானப் பயணத்துக்கான ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, அதுப்படி பெட்டி உடைஞ்சிருந்தா 7 நாளுக்குள்ள, லேட்டா வந்திருந்தா கைக்கு வந்த 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும், தவறினா கேட்க வழியில்ல.

கேள்வி: குளிர் ஊரு. ஜாக்கெட்டே பைய அடைச்சுக்குது.

பதில்: ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு ஏறுங்க, பாக்கெட்ல கையுறை, தொப்பி, சார்ஜர் எல்லாம் போட்டுக்கலாம். தடியா ஒண்ணு எடுக்கிறதுக்குப் பதிலா மெல்லிசா மூணு: உடம்போட ஒட்டின இன்னர், அதுக்கு மேல ஃப்ளீஸ்ங்கிற மெத்துன்னு இருக்கிற ஸ்வெட்டர் மாதிரி ஒண்ணு, வெளிய காத்தும் மழையும் புகாத ஒண்ணு. சூடு நிக்கிறது அடுக்குக்கு நடுவுல மாட்டுற காத்துலதான். கனமான ஷூவும் கால்லயே வரட்டும்.

கேள்வி: 66 வயசு அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன், சுகர், முட்டி வலி. அவங்களுக்கும் பேக்பேக்கா?

பதில்: வேணாம்ப்பா. அவங்களுக்கு சின்ன சக்கரப் பை, உள்ள 4 கிலோவுக்கு மேல போகக் கூடாது. மாத்திரைய டப்பால கொட்டி எடுக்காதீங்க, ஸ்ட்ரிப்போட இருக்கட்டும், கூடவே கம்பெனி பேர் இல்லாம மருந்தோட பொதுப் பேர் (ஜெனரிக் பேர்) எழுதின டாக்டர் சீட்டு. சாதாரண சளி மாத்திரைக்கே சில நாட்டுல தடை இருக்கு, ஜப்பான்ல, சளி மாத்திரைல வர்ற சூடோஎஃபெட்ரின்ங்கிற மருந்து 10 சதவீதத்துக்கு மேல இருந்தா கொண்டு போகவே முடியாது. இன்சுலின்னா கட்டாயம் கைப்பைல, கீழ சரக்கு அறைல உறைஞ்சு போனா அது வேலைக்கு ஆகாது. ஏறும்போது பைய நீங்க மேல தூக்கி வச்சுட்டு, மருந்து, கண்ணாடி, ஸ்வெட்டர் மூணையும் ஒரு துணிப்பைல போட்டு அவங்க சீட்டுக்கடில வச்சுடுங்க, நடுராத்திரில உங்கள எழுப்பாமலே எடுத்துப்பாங்க. வீல்சேர் வேணும்னா 48 மணி நேரம் முன்னாடியே ஏர்லைனுக்கு சொல்லிடுங்க.